இளஞ்சிவப்புக் கொடிகள்

சாலையோரச் சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்கில் மஞ்சள் கூம்புப்பூக்கள் இதழ்களைத் தொங்கவிட்டபடி வெயிலில் நிற்கின்றன. இந்த ஓசார்க் மலைகளை விட்டால் இவை தானாக முளைக்கிற இடம் வேறு அதிகமில்லை. ஒவ்வொரு செடியின் காலடியிலும் கம்பியில் கோத்த ஓர் இளஞ்சிவப்புக் கொடி. புல் வெட்டும் வண்டிக்காரன் பார்த்து விலகிப் போகட்டும் என்று நேற்று மாலை முழங்கால் தேயத் தேய லொரெட்டா நட்டவை. காலையில் வந்ததோ களைக்கொல்லி வண்டி. அடித்த இடம் தெரிய மருந்தில் கலக்கிற நீலச் சாயம் இலைகளில் மின்னுகிறது, பாறையில் சொட்டுகிறது. மருந்தடித்து முடித்த க்ளீட்டஸ் முதுகுத் தொட்டியைக் கழற்றி வண்டியில் வைக்கிறான்.

"நல்லவேளை, கொடி குத்தி வச்சிருந்தீங்கக்கா. எப்பவும் சாகடிக்க வேண்டிய செடிய நாங்கதான் தேடித் தேடிக் கொடி குத்தணும். அரை நாள் வேலை மிச்சம்."

"விட்டுடச் சொல்லி வச்சதுடா அது."

அவன் தொப்பியைக் கழற்றுகிறான். மறுபடி போட்டுக்கொள்கிறான். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு குனிகிறாள்.

"ஊத்தாதீங்கக்கா. மருந்து வேருக்குத்தான் எறங்கும்."

"எத்தனை நாளு?"

"கருகப் பத்து நாளாவும். இன்னைக்கு ஒண்ணும் தெரியாது."

ஒன்றும் தெரியத்தான் இல்லை. காற்றில் பூக்களும் கொடிகளும் சேர்ந்தே ஆடுகின்றன. நீலம் தெறித்த கூம்பின் மேல் ஒரு தேனீ வந்து உட்காருகிறது. லொரெட்டா கையை வீசி விரட்டுகிறாள். அது பறந்து, அடுத்த கொடியருகே உள்ள பூவில் போய் உட்காருகிறது.