அரை வட்டம்

இரண்டாவது வரியில் அவள் கண் நின்றது.

பி.டி. சாரின் மேசையில் கடிதம் விரித்துக் கிடந்தது. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணித் தேர்வுக்குக் கல்லூரி அனுப்பும் பெண்களின் பட்டியல். ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். சாரின் கையெழுத்தும் முத்திரையும் ஆகிவிட்டன.

பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோகும் கார்டு இடத்துக்கு, P. தேன்மொழி.

அவளும் தேன்மொழிதான், ஆனால் B.

அப்பா பூபதி. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர்.

P, பார்த்திபன் மகள். இரண்டாம் வருடம். ஒரு ஆட்டம்கூட முழுசாக ஆடியதில்லை. மைதானத்துக்கு விளக்குக் கம்பம் நட்டுக் கொடுத்தவர் அவள் அப்பா.

தமிழில் எழுதினால் இரண்டு பேருமே பி. தேன்மொழிதான்.

கடிதத்தோடு நாளிதழ்த் துண்டுகளைப் பின் அடித்திருந்தார்கள். புரட்டினாள்.

'பி. தேன்மொழி 31 புள்ளிகள்.'

'கடைசி நொடியில் பி. தேன்மொழி.'

எல்லாம் அவள். வளைந்த கோட்டுக்கு வெளியே நின்று போட்ட ஒவ்வொரு மூன்று புள்ளியும் அவள் போட்டது. கணுக்கால் பிசகிய அன்று துணியைச் சுற்றிக்கொண்டு ஓடியதும் அவள்தான்.

படங்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் முதுகு. அவளுடைய ஏழாம் எண். முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை.

பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து!



இது அவளுக்குக் கடைசி வருடம். பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால்தான் ரயில்வே வேலைக்கு விண்ணப்பமே போட முடியும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல முடியாது.

"நம்ம கார்டு இருக்கிறவரைக்கும் என்ன கவலை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மூன்று வருடமாகப் பீற்றிக்கொண்ட மனுஷர்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"சார், இது நான் இல்ல."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வாசலில் மற்றப் பெண்கள் பயிற்சிக்குத் தயாராக நின்றிருந்தார்கள். இன்னொரு தேன்மொழியும் நின்றாள். ஷூ லேஸைப் பார்த்தபடி, ஏழாம் எண் பனியனில். போன வாரம், புது செட் தைக்க அளவு வேண்டும் என்று சார் இவளிடமிருந்து வாங்கிப்போன பனியன்.

அடப்பாவி மனுஷா.

"டைப்பிங் மிஸ்டேக்ம்மா. ஆபீஸ்ல அடிச்சிட்டாங்க. கையெழுத்தும் ஆயிருச்சு. இப்பப் போயி மாத்தச் சொன்னா காலேஜ் கரஸ்பாண்டன்ட் என்ன நெனைப்பாரு? ஒத்தை எழுத்துதான, விடு."

ஒத்தை எழுத்தாம்.

விடியுமுன் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்த மூன்று வருடம். அப்பா வெல்டிங் கண்ணெரிச்சலோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஆட்டங்கள். எல்லாம் சேர்த்து, ஒத்தை எழுத்து.

அவள் வாதாடவில்லை.

மேசையிலிருந்து அவர் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்ட அதே பேனா, அதே கறுப்பு மை.

P-யின் காலடியில் ஒரு அரை வட்டம் போட்டாள். சின்னதாக, நிதானமாக.

B.

"ஏய், என்ன பண்றே!" சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

அவள் கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மிஸ்டேக் சரியாயிருச்சு சார். திருத்துன எடத்துக்குப் பக்கத்துல உங்க இனிஷியல் போட்டுருங்க."

வாசலில் இன்னொரு தேன்மொழி லேஸிலிருந்து கண்ணை எடுத்து சாரைப் பார்த்தாள்.

இவள் பேனாவை நீட்டியபடியே நின்றாள்.