தாருக்கு அடியில்

மலைச்சாலையின் தாருக்கு அடியில் பெரிய ஜல்லியும் சின்ன ஜல்லியும் நெருக்கியடித்துக்கொண்டு பல வருடங்களாக லாரிகளின் பாரத்தைத் தாங்கி வந்தன. ஒரு மழைநாளில் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி வந்து, "உங்க நடுவுல கொஞ்சம் இடம் கொடுங்க" என்றது. இரண்டும் கொடுத்தன.

பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து, உப்பி, ஜல்லிகளை விலக்கித் தள்ளியது. வெயில் ஏறியதும் உருகிச் சாதுவாகக் கிடந்தது.

"என்னை ஏன்டா இடிச்சே?" என்று கேட்டது பெரிய ஜல்லி.

"நீங்கதான் அண்ணே என்னைத் தள்ளினீங்க!"

இரண்டும் தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்த்தன.

"நானா? தொட்டுப் பாருங்க. யாரையாவது தள்ளுற உடம்பா இது?" என்றது தண்ணீர்.

தொட்டுப் பார்த்தன. உண்மையாகத்தான் பட்டது. அதன்பிறகு ஒவ்வொரு முறை தண்ணீர் உறைந்து உருகும்போதும் இடைவெளி கூடியது. மற்றது வேண்டுமென்றே விலகுகிறது என்று ஒவ்வொன்றும் நினைத்தது. பேச்சு நின்றுபோனது, கண்காணிப்பு மட்டும் மிஞ்சியது.

கடைசியில் மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதன் பாரம் அழுத்தியபோது ஒவ்வொன்றும் மற்றதன் தோளைத் தேடியது. நடுவில் தண்ணீர்தான் இருந்தது. தார் உடைந்து சக்கரம் உள்ளே இறங்க, பெரிய ஜல்லி தெறித்து மலைச்சரிவில் உருண்டது.

சாலையில் விழுந்த பள்ளத்தில் தனியாகக் கிடந்த சின்ன ஜல்லி தண்ணீரிடம் சொன்னது: "பார்த்தீங்களா, இப்பவும் விலகிப் போறது அவர்தான்."