செல்லப்பெயர்

கற்பனைத் தேர்வில் முதலிடம் வாங்கியதால் கோகிலவாணிக்கு விளம்பர நிறுவனத்தில் வேலை கிடைத்தது. காதுக்குப் பின்னால் பதித்த சில்லு, குளிக்கும்போதும் சமைக்கும்போதும் அவளுக்குப் புதிதாகத் தோன்றுவதையெல்லாம் நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். பேறுகால விடுப்பிலும் அது ஓயவில்லை.

பிறந்த மகளை அவள் 'மினுக்குட்டி' என்று கொஞ்சினாள். மறுவாரமே அந்தப் பெயரில் பிஸ்கட் கடைக்கு வந்துவிட்டது. வாங்கி வந்த பாக்கெட்டை மேசைமேல் வைத்த கணவன் தணிகைவேல், "வேற பேரு யோசியேன் வாணி" என்றான்.

"யோசிச்சா அதுவும் போயிடும்ங்க. நீங்களே ஒண்ணு வையுங்க."

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவனுக்கும் கற்பனைக்கும் வெகுதூரம். குழந்தையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பான்னே கூப்பிடுவோமா?" என்று தயங்கிக் கேட்டான்.

"பாப்பா" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். இதை யார் கொண்டுபோகப் போகிறார்கள்? மகளை அணைத்தபடியே, பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள்.