வெள்ளை சாக்ஸ்

"இன்னிக்கு நான் ஒருத்தனை முந்திட்டேன்."

வேனில் ஏறி, கதவை அடைத்து, எங்கோ தவறவிட்ட மூச்சைத் தேடிப் பிடித்து, அவர் சொன்ன முதல் பேச்சு இது.

செங்கோடன் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

ஏற்காடு மலை எழுந்து சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தது என்று சொல்லுங்கள், நம்புவான். தணிகாசலம் சார் ஒருவனை முந்தினார் என்றால் நம்ப மாட்டான்.

அவர் ஓடுகிற அழகு அப்படி. அவர் கடந்து போவதற்குள் மைல்கல்லில் பாசி பிடித்துவிடும். முன்னால் ஓடியவர்கள் மேலே போய், டீ குடித்து, வீடு திரும்பி, குளித்து, அதில் ஒருவருக்குப் பேரன் பிறந்து பெயரும் வைத்திருப்பார்கள். இவர் அப்போதுதான் அடுத்த கொண்டை ஊசி வளைவில் தலையைக் காட்டுவார்.

ஞாயிறுதோறும் அவருடைய ஓட்டக் குழு மலைப்பாதையில் ஓடிப் பழகும். முடியாமல் உட்கார்ந்துவிடுகிறவர்களை அள்ளிக்கொண்டு வர, எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன்.

ஓட்டுவது செங்கோடன்.

அள்ளப்படுவது தணிகாசலம்.

ஜன்னலோர இருக்கை அவர் அளவுக்குப் பள்ளமாகவே ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு போட்டி. மலைமேல் ஏறி இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர். குழுவின் கேப்டன் தாரிணி கறாராகச் சொல்லியிருந்தாள். இன்று வேனில் ஏறுகிறவர் அன்று ஓட வேண்டாம்.

முட்டி டாக்டர் அதற்கு முன்பே சொல்லிவிட்டார். இந்த வருடத்தோடு சரி.

தணிகாசலத்துக்கு மெடல் ஆசையெல்லாம் கிடையாது. வேலை பார்த்த காலம் முழுக்கக் கருவூல அலுவலகத்தில் ஒரே மேஜை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த மேஜையைத் தாண்டிப் பெரிய அறைக்குப் போனார்கள். இவர் எழுந்து வழிவிட்டார். கை கொடுத்தார். லட்டு சாப்பிட்டார்.

ஓய்வு பெற்ற மறுநாள் ஷூ வாங்கினார்.

ஒரே ஒருத்தனை முந்தணும் செங்கோடா, அது போதும். வாராவாரம் இந்த இருக்கையில் உட்கார்ந்துதான் சொல்வார்.

இன்று பாதி மலையிலேயே முட்டி மடங்கிவிட்டது. வேன் வந்தபோது தடுப்புச் சுவரில் சாய்ந்து கிடந்தார்.

அவ்வளவுதான். முடிந்தது.

ஆனால் முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை போல இருந்தது.

"உங்களுக்குப் பின்னாடி வந்தது நானும் இந்த வேனுந்தானுங்க சார். வேற யாரை முந்துனீங்க? என்னையா?"

"பெரிய ஆளுப்பா. கறுப்பு பனியன். தோளு ஒவ்வொண்ணும் அரிசி மூட்டை. மூச்சு விடறான், லாரி எஞ்சின் தோத்துது. நடு ரோட்டுல நின்னுக்கிட்டு வழியே விடமாட்டேங்கறான். முதுகுல ரெண்டு தட்டுத் தட்டி, சைடு குடு தம்பின்னேன். திரும்பிப் பாத்தான் பாரு. வயித்தெரிச்சல்."

"மூஞ்சி யாருன்னு பாத்தீங்களா?"

"இந்தப் பனியில என்னத்தத் தெரியுது? கண்ணாடி வேற உங்கிட்ட இருக்கு. சாக்ஸு மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுது. வெள்ளை. முட்டி வரைக்கும். புதுசு போல."

செங்கோடன் தலையைத் தூக்கினான்.

பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தால் அவர் பதறுவார் என்று, ஒரு வளைவு தள்ளித்தான் எப்போதும் வேனை ஓட்டுவான். சற்று முன் கீழ் வளைவில் திரும்பியபோது நடுச்சாலையில் காட்டெருமை நின்றது. கன்னங்கரேலென்று, பாறை உருண்டு வந்து நின்ற மாதிரி. நாலு காலிலும் முட்டி வரை வெள்ளை.

வேனை அணைத்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தான்.

அது அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேட்டையே பார்த்தபடி நின்றது. யாரோ மரியாதையில்லாமல் பேசிவிட்டுப் போனது போல. அப்புறம் மெதுவாகக் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிப் போனது.

"கண்ணாடியக் குடு செங்கோடா."

வியர்வையில் வழுக்குகிறது என்று ஒவ்வொரு வாரமும் அவனிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஓடுவார்.

எடுத்து நீட்டினான். வாங்க வந்த உள்ளங்கையைப் பார்த்தான்.

வியர்வையோடு சேறு. சேற்றில் ஒட்டிக்கொண்டு, கறுப்பாய், குட்டை குட்டையாய் மயிர்.

கண்ணாடி திரும்பவும் டேஷ்போர்டுக்கே போனது.

"மொதல்ல கையத் தொடைச்சுக்கலாங்க சார்."

ஈரத் துண்டை எடுத்து அவனே துடைத்தான். விரல் இடுக்கு வரை.

பிறகுதான் கண்ணாடியைக் கொடுத்தான்.

மேலே டீக்கடையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அவர் நொண்டி இறங்கி நேராகத் தாரிணியிடம் போனார்.

"என் பேரை எடுத்துடும்மா. ஆனா ஒரு விஷயம். இன்னிக்கு நான் ஒருத்தனை முந்திட்டேன்."

சிரிப்பு டீக்கடைத் தகரத்தைத் தூக்கியது. ஒருவன் டீயைத் துப்பினான். இன்னொருவன், யாரையுங்க சார், மைல்கல்லையா என்றான்.

கறுப்பு பனியன் என்றார். அரிசி மூட்டை என்றார். யாரும் கேட்பதாக இல்லை. கடைசியில் குரல் இறங்கி, வெள்ளை சாக்ஸ் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தாரிணி மட்டும் சிரிக்கவில்லை. வேன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்கதான பின்னாடி வந்தீங்க. நெசமா?"

சிரிப்பு நின்றது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

செங்கோடன் ஈரத் துண்டை உதறப் போனான். உதறவில்லை. மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"முந்துனாருங்க," என்றான். "வெள்ளை சாக்ஸு. நானும் பாத்தேன்."