ஒத்தத் தும்மல்

அவ பஞ்சை வாயில வச்சு நனைச்சா.

எச்சிதான்ம்மா. நெசமாவே எச்சி.

ஏணி உச்சியில நின்னுக்கிட்டு, குச்சியில சுத்துன பஞ்சை நாக்குல உருட்டி, என் ரூம் உத்தரத்துல தேய்ச்சா. நீ முந்தானையில எச்சி தொட்டு என் மூஞ்சியத் தொடைப்பியே, அது மாதிரி. நீ பறப்ப. இவ அவசரமே படல.

கருப்பு விலகுச்சு.

நீலம்.

கீழ நாங்க ரெண்டு பேரு. நானும் வீட்டுக்காரர் க்ரூகரும்.

க்ரூகர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இது அவங்கப்பா விட்டுட்டுப் போன வீடு. கூரை ஒழுகுது. சரி பண்ண அவரால ஆகாது. உத்தரத்துல இருக்கற பழைய சித்திரம் இன்னும் உசுரோட இருந்தா, பாதிக்கு மேல செலவை கவர்மெண்டே ஏத்துக்கும். அதுக்கு ஒரு கண்டிஷன். பத்து வருஷத்துக்குக் குடியிருக்கறவங்களைக் கெளப்பக் கூடாது, வாடகைய ஏத்தக் கூடாது.

சித்திரம் பாழாப் போயிருந்தா வீட்டை வித்துருவார். வாங்கறவன் மொதல்ல என்னைத்தான் கெளப்புவான். இந்த வாடகைக்கு இந்த ஊர்ல வேற ரூம் கெடையாது. ரூம் இல்லன்னா படிப்பும் இல்ல.

அதான்ம்மா பார்சல் போடாதன்னேன். அட்ரஸ் மாறலாம்னேன். சும்மாதான்னு சொன்னது பொய்.

ஏணி மேல நிக்கறவ பழைய சித்திரங்களைப் பாக்கற கவர்மெண்ட் ஆபீஸ்லேர்ந்து வந்தவ. அவ சொல்றதுதான் முடிவு.

நேத்துதான் மேல அடிச்சிருந்த அட்டைப் பலகையெல்லாம் கழட்டுனாங்க. உள்ள ஒரே கரி. சித்திரம் ஒண்ணும் தெரியல.

இப்ப பஞ்சு போற எடமெல்லாம் எலை.

கொடி.

ஒரு மாதுளம்பழம்.

வாயப் பொளந்து நிக்குது பழம். உள்ள முத்து ஒவ்வொண்ணா தெரியுது. நானூறு வருஷமாம். இந்தப் பனியில எவன் கண்டான் மாதுளம்பழத்தை? யாரோ தூரதேசம் போயிட்டு வந்தவன் சொல்லியிருப்பான். இவன் கேட்டுட்டு, கண்ணால பாக்காமயே வரைஞ்சிருப்பான்.

ரெண்டு வருஷமா இதுக்குக் கீழதான்ம்மா மல்லாந்து கெடந்தேன். ஈரத்துணி காயப்போட்டேன். போன்ல உன்கூட சண்டை போட்டேன்.

க்ரூகர் தொப்பியக் கழட்டிட்டார். அவர் இந்த வீட்டுலயே பொறந்தவர். அவரும் இன்னைக்குத்தான் பாக்கறார்.

"என்ன இந்தியா, அழுவுறியா?"

"இல்ல. தூசி."

"எனக்கும் தூசிதான்."

அப்புறம் அவ ஏணிய நகர்த்துனா. ஜன்னல் பக்கத்து மூலைக்கு.

அந்த மூலைதான்ம்மா.

ரூம்ல எதையும் பொரிக்கக் கூடாதுன்னு க்ரூகர் வரும்போதே சொல்லிட்டார். ஆனா அந்த மூலையில பலகை கொஞ்சம் வெடிச்சிருந்துச்சு. அதுக்கு நேர் கீழ கரண்ட் அடுப்பை வச்சேன். புகை எல்லாம் மேல போயிரும், ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். நீ குடுத்துவிட்ட மோர் மிளகா மொத்தமும் அங்கதான் பொரிஞ்சுது.

உத்தரத்துலயே அந்த எடம்தான் ரொம்பக் கருப்பு. எண்ணெய் மினுமினுன்னு.

அடுப்பு இப்ப கட்டிலுக்கு அடியில இருக்கு.

அவ தேய்ச்சா. பஞ்சு பழுப்பாச்சு. நீலம் வரல.

வேற பஞ்சு. அதுலயும் வரல.

பஞ்சை மூக்குக்கிட்ட கொண்டு போனா.

தும்முனா.

ஒரே ஒரு தும்மல்.

ஒத்தத் தும்மல் ஆகாதும்ப நீ. செருப்பு மாட்டுன அப்பாவைக்கூட உக்கார வச்சுத் தண்ணி குடுப்ப. நான் அவ மூக்கையே பாத்துக்கிட்டு நின்னேன். இன்னொண்ணு. தாயே, இன்னொண்ணே ஒண்ணு.

வரல.

க்ரூகர் என்னைப் பாத்தார். கட்டிலுக்கு அடியில பாத்தார். மறுபடி என்னைப் பாத்தார்.

அவ மூணாவது பஞ்சை வாயில வச்சா.

செவப்பா என்னமோ தெரிஞ்சுது. மிளகாத் தோல்தான் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன்.

கிளி மூக்கு.

வளைஞ்ச, செவந்த கிளி மூக்கும்மா.

அவ அதோட நிறுத்திட்டா. கொஞ்ச நேரம் கிளி மூக்கையே பாத்தா. அப்புறம் மிச்சக் கருப்பைச் சுத்தி, விரலால காத்துலயே ஒரு கட்டம் போட்டுக் காட்டுனா.

"இதைத் தொட மாட்டோம். நாம கை வைக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும். எப்பவும் ஒரு துண்டை இப்படி விட்டு வைப்போம்."

க்ரூகர் தொப்பியப் பெசைஞ்சார். "அழுக்குக்கும் சேத்தா காசு குடுப்பாங்க?"

"சேத்துத்தான்."

அவ எறங்கி வந்து ஜன்னல் திண்டுல உக்காந்தா. க்ரூகர் ஏணியில ஏறுனார். மெதுவா, ஒவ்வொரு படியா. கருப்புக் கட்டத்துக்குக் கிட்டப் போயி நின்னார். மூஞ்சிய நீட்டி, ஆழமா மோந்து பாத்தார்.

தும்முனார்.

ஏணியே ஆடிப்போச்சு.

கிளியோட ஒடம்பு அந்தக் கருப்புக்குள்ளயே இருக்கு. இனி அங்கதான் இருக்கும். அதுல எது பழைய புகை, எது புதுசுன்னு அவளும் கேக்கல, அவரும் கேக்கல.

அட்ரஸ் அதேதான்ம்மா.

மோர் மிளகா தீந்துபோச்சு.