மூன்று விரல்

வண்டி வெளியே வரவில்லை.

சின்ன லாரிதான். பின்பக்கத்தில் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். மேலே ஏணிக்கு இடம், கத்தரிகளுக்குக் கொக்கி, ரப்பர் குழாய்க்கு வளையம், புல்வெட்டும் மெஷின் உருளாமலிருக்க ஒரு பட்டை. எல்லாம் இவள் காகிதத்தில் வரைந்து கொடுத்தது.

இப்போது வண்டியின் தலை தெருவில் இருந்தது. உடம்பு பட்டறைக்குள் இருந்தது. சட்டம் வாசல் விட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

மூன்று விரல் உயரம் கூடுதல்.

“உள்ள வந்துச்சே, மாமா” என்றான் தம்பி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

“வந்துச்சுதான் மச்சான்” என்றான் இவள் கணவன். “அப்ப உங்கக்கா தரை போடலையே.”

வந்தபோது வண்டியில் நாற்பது தளக்கற்கள் இருந்தன. பாரத்தில் நன்றாகத் தாழ்ந்து, புது மாப்பிள்ளை போலத் தலைகுனிந்து நுழைந்தது. பிறகு கற்களை இறக்கி, வாசல் பக்கம் முழுக்கப் பதித்தார்கள். ஊருக்கெல்லாம் தோட்டம் போடப் போகிறவர்களின் பட்டறை மண்தரையாக இருந்தால் யார் மதிப்பார்கள் என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள். நூல் பிடித்து, மயிரிழை பிசகாமல், இரண்டு நாள்.

பாரம் இறங்கியதில் வண்டி உயர்ந்துவிட்டது. கல் ஏறியதில் தரையும் உயர்ந்துவிட்டது.

மூன்று பேரும் அந்த அழகான தரையை வெறித்தார்கள்.

மணி ஏழே முக்கால்.

நேற்று ஓர் அம்மாள் போனில் கூப்பிட்டிருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய வீடு, பெரிய தோட்டம், வருஷம் முழுக்கப் பராமரிப்பு. “எட்டு மணிக்கு வரணும். எட்டு அஞ்சுக்குக் கேட்டைப் பூட்டிடுவேன்.” கரகரத்த குரலில் அவ்வளவுதான் சொன்னார். வைத்துவிட்டார்.

தொழில் தொடங்கி அவர்களுக்கு வந்த முதல் அழைப்பு அது. வந்த ஒரே அழைப்பும் அதுதான். அதை நம்பித்தான் இவள் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தாள்.

கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்ல அந்த வீட்டு எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

சட்டத்தை அறுக்கலாம். வெல்டிங் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்.

“கல்லப் பேத்துடலாமா?” என்ற தம்பி, அக்கா பார்த்த பார்வையில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

எதிரிலிருந்து பஞ்சர் கடைக்காரர் வந்தார். குனிந்து பார்த்தார். நான்கு சக்கரத்திலும் காற்றைப் பாதி இறக்கினார். ஒன்றரை விரல் இறங்கியது.

“இதுக்கு மேல எறக்கினா டயர் போயிடும். ஆளை ஏத்துங்க.”

ஏற்றினார்கள்.

தையல்காரர் ஏறினார். அவர் மனைவி ஏறினார். அச்சகத்து ஆட்கள் இரண்டு பேர் ஏறினார்கள். காலையில் நடந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இரட்டை நாடி வக்கீலைக் கணவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தான். “என் தொப்பைக்கும் ஒரு காலம் வந்துச்சு பாருங்க” என்று அவர் ஏறியதில் அரை விரல் இறங்கியது.

வெகுநேரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த, கைப்பை வைத்த அம்மாள் ஒருவரும் வந்து நின்றார். தையல்காரர் வீட்டுப் பெரியவர் போலிருக்கிறது. இவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

கடைசியில் இவளும் ஏறினாள்.

“இன்னும் ஒரு நூல்” என்றான் கணவன், விட்டத்தை அண்ணாந்து பார்த்து. அவனும் ஏறிக்கொண்டான்.

“அந்த எட்டு மணி அம்மா இந்நேரம் பூட்டைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்லயே நிப்பாங்க” என்று முன்னாலிருந்து தம்பி கத்தினான். “ஹெட்மிஸ்ட்ரஸா இருந்திருப்பாங்களோ, மாமா?”

வண்டியே குலுங்கியது. வக்கீல் சிரித்தால் அப்படித்தான்.

“சிரிக்காதீங்க சார், ஏறி ஏறி எறங்குது. தலையைக் குனிங்க எல்லாரும்!”

வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஏணி ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு முகத்தில் வெயில் விழுந்தது.

தெரு கைதட்டியது.

மணி எட்டு இருபது.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். பஞ்சர் கடைக்காரர் காற்றடிக்க உட்கார்ந்தார். கேட் பூட்டியிருக்கும் என்று இவளுக்குத் தெரியும். போய்க் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றாள். கணவன் ஏணியின் கயிற்றை இறுக்கினான்.

கைப்பை வைத்த அம்மாள் இறங்கவில்லை.

“உங்க மாமியாரை எறக்கி விடுங்கண்ணே” என்றாள் இவள் தையல்காரரிடம்.

“என் மாமியாரா? உங்க அத்தைன்னுல்ல நெனச்சு நான் நகர்ந்து எடம் விட்டேன்!”

அம்மாள் பட்டறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கல்லப் பதிச்சது யாரு?”

கரகரத்த குரல்.

தம்பி மெதுவாக ஸ்டியரிங்குக்குக் கீழே சரிந்தான்.

“நான்தாம்மா” என்றாள் இவள்.

“இத்தனை பேர் மிதிச்சு ஏறினோம். ஒரு கல்லுகூட ஆடல.”

அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சட்டத்தில் வசதியாகச் சாய்ந்தார்.

“எப்படிக் கிளம்புறீங்கன்னு பாக்கத்தான் ஏழரைக்கே வந்தேன். நிதானமாவே காத்தடிக்கச் சொல்லு. கேட்டைப் பூட்டுறவ இங்கதானே உக்காந்திருக்கேன்.”