படியோரம் ஒரு கல் வரிசை

"அண்ணே, இதைப் போட்டது நீதானா? இல்ல, ஏதாவது குழந்தை விளையாடிட்டுப் போச்சா?"

மாடியில் கால் வைத்ததுமே தம்பி ஆரம்பித்துவிட்டான்.

வீட்டு வாசலுக்கு முன்னால் திறந்த மாடி. அதில் அண்ணன் தன் கையாலேயே மர டைல் போட்டிருந்தான். பசை வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். ஒன்றின் கொக்கியை இன்னொன்றின் வளையத்தில் வைத்து மிதித்தால் 'டக்'கென்று உட்கார்ந்துகொள்ளும் ரகம்.

போட்டதுதான் போட்டான், ஒரு ஒழுங்கு வேண்டாமா? வாசலிலிருந்து துணி காயப்போடும் கொடிவரை ஒரு பட்டை மட்டும் கட்டைகள் நீளவாக்கில் ஓடின. மற்ற இடமெல்லாம் குறுக்குவாக்கில். போதாததற்கு, மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வரிசை, சொரசொரவென்று கல் பதித்த டைல்.

"மரம் பத்தலைன்னு கல்லைப் போட்டு ஒப்பேத்திட்டே, அதானே?"

"இருக்கட்டும் விடுடா," என்றான் அண்ணன்.

தம்பியால் விட முடியவில்லை. ஆபீஸ்களுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. கோணலாக எதையாவது பார்த்தால் கை சும்மா இருக்காது.

அதைவிட, அது அண்ணி நாளெல்லாம் புழங்குகிற இடம். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அண்ணிதான். அவளுக்கென்று அவன் இதுவரை ஒன்றும் செய்ததில்லை. ரொம்ப நாள் கழித்து வந்த இந்த முறையும் வந்ததும் வராததுமாக அவன் கன்னத்தைத் தடவி, "எளைச்சுட்டே" என்றாள்.

"அண்ணி, நான் பிரிச்சு அழகா மாத்திப் போட்டுடறேன்."

"வேண்டாம் தம்பி. உங்க அண்ணன் ஆசையாப் போட்டது."

புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். ஏன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் அண்ணன் வேலைக்குப் போனான். அண்ணியை அவளுடைய அக்கா வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். இதுதான் சமயமென்று தம்பி ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்துவிட்டான்.

ஒவ்வொரு டைலாக நெம்பி எடுத்தான். அடியில் சருகும் மண்ணும் சேறாக அப்பிக் கிடந்தன. பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாய் வைத்து அலசி, தண்ணீர் போகிற ஓட்டையில் அடைத்திருந்ததை விரலால் நோண்டி எடுத்தான். தரை காய்ந்ததும் ஒன்று நீளம், ஒன்று குறுக்கு என்று கட்டம் கட்டமாக மிதித்துப் பொருத்தினான். கல் டைல்களைப் பூந்தொட்டிகளுக்கு அடியில் தள்ளினான். அந்த இடத்துக்கும் மர டைலே வாங்கி வந்து போட்டான்.

இடுப்பு ஒடிந்துபோனது. ஆனால் மாடி புதுசாகிவிட்டது.

சாயங்காலம் வந்த அண்ணி, செருப்பில்லாத காலை ஒரு டைலின் மேல் வைத்தபடி வாசலிலேயே நின்றாள்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"ரொம்ப அழகா இருக்குப்பா."

தம்பிக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அடுத்து வந்த அண்ணனுக்கு முகம் சுருங்கியது. "டேய், உன்னை யாருடா..." என்று ஆரம்பித்தவனை அண்ணி மேலே பேச விடவில்லை.

"பிள்ளை பாடுபட்டுப் போட்டிருக்கான். நீங்க கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

விடிந்ததும் ஈரத்துணி வாளியோடு போன அண்ணி, கொடிப் பக்கம் போகாமல் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள். பாதிப் படிவரை உருண்டாள்.

கணுக்கால் எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அண்ணி உள்ளறையில் அசந்து தூங்கிவிட்டாள்.

அண்ணன் மாடிக்கு வந்து டைல்களைப் பிடுங்க ஆரம்பித்தான்.

"என்ன பண்றே?"

அண்ணன் பிடுங்கிப் பிடுங்கிச் சுவரோரம் அடுக்கினான்.

"அவங்க பராக்குப் பார்த்துக்கிட்டு நடந்தா என் டைல் என்ன செய்யும்? நான் ஒண்ணு செஞ்சா உனக்குப் பொறுக்காது. அதான் விஷயம்."

அண்ணன் நிமிர்ந்தான். "நீளக் கட்டை மேலயே நடந்தா கொடி வரும். கல்லை மிதிச்சா அடுத்தது படின்னு அர்த்தம். அதுக்குத்தான் அப்படிப் போட்டேன்."

"கொடியும் படியும் கண்ணு முன்னாடி நிக்குது. அதைக் கால் வந்து சொல்லணுமா?"

அண்ணன் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். கடைசி டைலையும் எடுத்து அடுக்கிவிட்டு, மருந்துச் சீட்டோடு கீழே இறங்கிப் போனான்.

தம்பி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். இனி இந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருப்பதாக இல்லை.

உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அண்ணி வந்தாள்.

"தம்பி, இருக்கியா? அண்ணன் ஏதாவது திட்டினாரா?"

"இல்ல அண்ணி."

"எனக்குத் தெரியும், திட்டியிருப்பார். நீ மனசுல வச்சுக்காதே. நான் விழுந்ததுக்கு நீ என்ன பண்ணுவே?" நிலையைப் பிடித்துக்கொண்டு மாடிப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "நீ போட்டது எவ்வளவு அழகா இருக்கு. அதை ஒண்ணும் எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னு அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் பார்த்துச் சிரித்த இடத்தில் வெறும் சிமெண்டுத் தரைதான் இருந்தது.